சேவல் இல்லாத ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. பொய்யாக எதற்கு எழுத வேண்டும், அந்த வரியை விட்டுவிட்டேன். நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். கரண்ட் வந்துவிட்டது. போன் கோபுரம் மட்டும் இன்னும் படுத்தே கிடக்கிறது. மலைப்பாதையில் சரிந்த மண்ணை ஒதுக்கி ஒற்றை வழி விட்டிருக்கிறார்கள், தபால் வேன் வந்து போகிறது. அதனால்தான் கடிதம்.

புயல் அன்று பகலிலேயே விளக்கு போயிற்று. கணவாயில் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன என்று சாயங்காலம் தெரிந்தது. வெளியிலிருந்து நமக்கு வருவது அந்த ஒரே லைன்தானே. ஆனாலும் முதலில் யாரும் பயப்படவில்லை. தலைக்கு மேலே அணை இருக்கிறது, காலடியில் மின்நிலையம் இருக்கிறது, நமக்கென்ன குறை என்று இருந்தோம். பழைய பழக்கத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இதோ இப்போது சேவல் கூவும் என்று. அப்புறம்தான் ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்தது, நாம் சேவல் என்று கூப்பிட்ட அந்த மின்நிலையத்து டீசல் இன்ஜினை உங்கள் அலுவலகத்துக்காரர்கள் போன வருஷமே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று.

உன்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்த நெட்டைதான் இப்போது அங்கே ஷிப்ட் இன்ஜினியர். அவனிடம் ஊரே திரண்டு போய்க் கேட்டது. பெரிய எந்திரம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எண்ணெய் பம்பு ஓடணும், மதகு திறக்கணும், அதுக்கெல்லாம் முதல்ல கொஞ்சம் கரண்ட் வேணும், அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்கத்தான் சேவல் இருந்துச்சு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கரண்ட் உண்டாக்கக் கரண்ட் இல்லை. உனக்குத் தெரியாததா? அந்த இன்ஜினை முதன்முதலில் உன் கையால் கிளப்பிய அன்று முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தவன்தானே நீ.

அணை நிரம்பி வழிந்தது தம்பி. நாள் முழுக்க அந்த இரைச்சல். அவ்வளவு தண்ணீரும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் குளிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பம்பு ஓடாததால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் எந்திரங்கள் நின்றுபோய், நானும் மற்ற இரண்டு பெண்களும் வாளியில் மழைநீர் பிடித்து விரிப்புகளைக் கையால் அலசினோம். உலரவில்லை. ஈர விரிப்பில் நோயாளியைப் படுக்க வைக்கும் கொடுமை யாருக்கும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கென்று இருந்த சின்ன ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது. பாதை அடைபட்டதால் புதிதாக வரவில்லை. உன் அத்தானும் ரொட்டிக் கடைக்காரரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே நோய், சுரங்கப் பாதை குடைந்த காலத்துத் தூசி. மெஷின் ஓடாமல் மூச்சு கிடைக்காது. கடைசியாக ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர்தான் மிஞ்சியது. இருவரும் அதன் மாஸ்க்கை மாற்றி மாற்றி முகத்தில் வைத்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் போய்விட்டார். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், இரண்டு தெருவுக்கு உன் பின்னால் ஓடியே மூச்சு வாங்கியவர். அவர் போனதை உனக்கு நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கரண்ட் வந்த பிறகு டிவியில் பார்த்தோம். கடற்கரையில் புயல் இன்னும் பலமாம். ஆனால் அங்கே ஒரு லைன் அறுந்தால் மூன்று பக்கத்திலிருந்து வேறு லைன் இருக்கிறது, அன்றைக்கே விளக்கு வந்துவிட்டதாம். சமவெளியில் மில்லுக்கு மில் சொந்த இன்ஜின். தலைநகரத்தில் கடைத் தெருவெல்லாம் ஜெகஜோதி. அதைப் பார்த்துவிட்டு நாவிதர் சொன்னார், தண்ணியும் நம்மது, கரண்டும் நம்மது, இருட்டும் நம்மது என்று. யாரும் சிரிக்கவில்லை.

ஊரில் உன்னைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. நான் விடவில்லை. என் தம்பி தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் மேலே இருப்பவன் சொல்வதைத்தானே கேட்க வேண்டும், இப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பானா என்று தண்ணீர் வரிசையில் நின்று சண்டை போட்டேன். விசாரணைக் குழு வரப்போகிறதாம். நீ உள்ளதைச் சொல்லி, அடுத்த மழைக்காலத்துக்குள் இன்ஜினைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய். அத்தானின் நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது. நான் கேட்டு நீ எதையும் மறுத்ததில்லை.

நெட்டையிடம் உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறான். ஏன் என்று தெரியவில்லை. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

தம்பிக்கு,

உன் பதில் வருவதற்கு முன்னால் உன் வாக்குமூலம் வந்துவிட்டது.

நேற்று ரொட்டிக் கடைக்குப் போயிருந்தேன். அவர் போனதிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. அவர் வீட்டு அம்மா தனியாக இருக்கிறாளே என்று சாப்பாடு கொண்டுபோனேன். விசாரணைக் குழுவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தலைமை அலுவலகம் கொடுத்த விளக்கத்தை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மலை மின்நிலையத்து இன்ஜின், சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் ஆட்சேபித்ததன் பேரிலேயே அகற்றப்பட்டது, அங்கே வசிக்கும் என் சொந்தத் தமக்கையே என்னிடம் நேரில் முறையிட்டிருக்கிறார் என்று. கீழே உன் பெயர், உன் பதவி.

கையில் பாத்திரத்தோடு வாசலில் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். நீதான் சொன்னியா என்று மட்டும் கேட்டாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். உன் விளையாட்டு நல்லா இருக்கு என்றாள். பாத்திரத்தை வாங்கவில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எப்போது சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நன்றாக இருக்கிறது. நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை நடக்கும் தனி ஓட்டம் அன்று. பெரிய லைனை அவர்களே துண்டித்துவிட்டு, சேவலைக் கிளப்பி, அதை வைத்துப் பெரிய எந்திரத்தை எழுப்பி, கொஞ்ச நேரம் நம் ஊரை நம் தண்ணீரிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தக் காலையில் நாவிதர் யார் கழுத்திலும் கத்தி வைக்க மாட்டார், திடீரென்று இருட்டினால் பொறுப்பில்லை என்று. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். சன்னலெல்லாம் அதிர்ந்தது. காதே போச்சு, இந்தச் சேவலை யாராவது பிடிச்சு அறுத்துட்டா தேவலை என்றேன். நீ சிரித்தாய். அத்தான் சிரித்தார். இன்னொரு கரண்டி போடச் சொல்லித் தட்டை நீட்டினாய். அதற்குப் பெயர் முறையீடா? உனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

அந்தச் சத்தத்தைத் திட்டாத வீடு நம் ஊரில் கிடையாது. திட்டிக்கொண்டே அதை நம்பித் தூங்கினோம். பெற்ற பிள்ளையைச் சனியன் என்று திட்டுகிறோம், அதற்காக யாராவது வந்து தூக்கிக்கொண்டு போனால் சும்மா இருப்போமா? இது உனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரன் எழுதியிருந்தால் விவரம் தெரியாதவன் என்று விட்டிருப்பேன்.

நெட்டை இன்று வாய் திறந்தான். நானே போய் உலுக்கினேன். இன்ஜினை எடுக்க வேண்டாம், லைன் அறுந்தால் நிலையத்தை எழுப்ப வழியில்லை என்று அவன் உன்னிடம் தலைபாடாக அடித்துக்கொண்டானாமே. தனி ஓட்டத்தையே நிறுத்தினால் செலவு மிச்சம் என்று சொன்னதும் நீதானாம். மேலே இருப்பவன் யாரும் சொல்லவில்லை. திட்டப் பிரிவுக்குத் தலைவனானதும் நீ காட்டிய முதல் மிச்சம் அதுவாம். எங்கள் சேவல் இப்போது கடற்கரை மின்நிலையத்தில் நிற்கிறதாம். அங்கே ஏற்கனவே இரண்டு இருக்கிறதாம். புயலன்று அதைக் கிளப்பவே வேண்டியிருக்கவில்லையாம். தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். நிரம்பிய குடத்தில் ஊற்றுவதற்காக எங்கள் செம்பைப் பிடுங்கியிருக்கிறாய்.

இன்ஜினை எடுப்பதற்கு முன்னால் ஊரைக் கூட்டிப் பள்ளிக்கூட மண்டபத்தில் நீ பேசியது கண்ணிலேயே நிற்கிறது. எதிர்த்துப் பேசியவர்களில் முதல் ஆள் ரொட்டிக் கடைக்காரர். பெரிய லைன் இருக்கும்போது இது எதற்கு, கோழி கூவித்தான் பொழுது விடியுமா என்று நீ கேட்டதும் மண்டபமே சிரித்தது. அப்புறம் என்னைக் கை காட்டினாய். எங்க அக்கா இந்த ஊர்லதான் இருக்காங்க, அவங்க வீடு இருட்டாக நான் விடுவேனா என்றாய். அதைக் கேட்டதும் ரொட்டிக் கடைக்காரர் என் முகத்துக்காக உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? புதுச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் என்னைப் பிணையாக வைத்து இன்ஜினை எடுத்தாய். ஆள் செத்ததும் என்னைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டாய். நடுவில் ஒரு தடவையாவது அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஆள் அனுப்பிக் கேட்டாயா? பாதை திறந்த முதல் நாள் உங்கள் அலுவலக ஜீப் மின்நிலையம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியதாமே.

தண்ணீர் வரிசையில் உனக்காகச் சண்டை போட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. பதில் போடு.

அக்கா

*

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூடவே நீ அனுப்பிய பார்சலும். அத்தானுக்குப் புதிய ஆக்ஸிஜன் மெஷின், பேட்டரியில் ஓடுவது. விலை உயர்ந்தது போலிருக்கிறது. பிரிக்காமல் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். அங்கே மூன்று பேருக்கு உபயோகமாகும். உன் காசு வீணாகவில்லை, கவலைப்படாதே.

நீ எழுதியிருப்பதைப் பலமுறை படித்தேன். ஒரு நாட்டுக்குப் பலம் கொஞ்சம்தான் இருந்தால், கூட்டம் அதிகம் உள்ள இடத்தில்தான் அதை வைக்க வேண்டும், மலைப்பகுதியில் பாதிக்கப்படுவோர் குறைவு, இதில் கோபப்பட ஒன்றுமில்லை, கணக்கு என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். நான் சலவைக்காரி, உன் அளவுக்குப் படித்தவள் இல்லை. ஆனால் அதை ஏன் பள்ளிக்கூட மண்டபத்தில் சொல்லவில்லை? உங்க ஊர்ல ஆள் கம்மி, அதனால எடுத்துட்டுப் போறோம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் லாரிக்கு முன்னால் படுத்திருப்போம். அது தெரிந்துதானே என்னைக் கை காட்டினாய். கணக்கு சரியாக இருந்திருந்தால் அக்கா எதற்கு?

நாளை விசாரணைக் குழு என்னை வரச் சொல்லியிருக்கிறது. நேரில் முறையிட்டேனா இல்லையா என்று கேட்பார்கள். ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லுக்கா, பொய் சொல்லச் சொல்லவில்லை, மறந்துவிட்டது என்று சொன்னால் போதும், என் வேலை தப்பும், பிள்ளைகள் படிப்பு தப்பும் என்று கேட்டிருக்கிறாய். அப்படிச் சொல்லிவிட்டால் நீ எழுதிக் கொடுத்ததே நின்று, ஊர்தான் வேண்டாமென்றது என்று முடிவாகிவிடும், இன்ஜின் திரும்பி வராது. அதையும் நெட்டை விளக்கிவிட்டான். வேண்டாமென்று சொன்ன ஊருக்கு யார் திருப்பித் தருவார்கள்?

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம், இத்தனை நாள் என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சிலிண்டரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதினேன் அல்லவா? கடைசி நாள் ரொட்டிக் கடைக்காரர் தன் முறை வந்தபோது வாங்கவில்லையாம். எனக்கு இப்ப வேண்டாம், நீ இழு என்று தள்ளினாராம். அடுத்த முறையும் அப்படியே. அத்தான் வற்புறுத்தியபோது சிரித்துக்கொண்டே, உன் மச்சான் பெரிய வேலையில இருக்கான், நீ பிழைச்சு அவன்கிட்டப் போய்ச் சொல்லு, அவன் சேவலைத் திருப்பி அனுப்புவான் என்றாராம். உன்னைத் திட்டவில்லை தம்பி. சாகிற நேரத்திலும் உன்னை நம்பினார். சொல்லும்போதே அத்தானுக்கு இருமலும் அழுகையும் சேர்ந்துவிட்டது.

இப்போது சொல். என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மூச்சு அந்த மனிதருடையது. நான் போய் ஞாபகம் இல்லை என்று சொல்ல முடியுமா?

ரொட்டிக் கடை அம்மாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். நாளைக்கு நான் என்ன சொன்னாலும் அவள் என்னோடு பேசப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கூடப் பிறந்தவளே காட்டிக் கொடுக்கலாமா என்று உன் மனைவி கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். அவள் மேல் கோபமில்லை. அவளுக்குப் புருஷன், பிள்ளைகள். என் கண்ணிலும் உன் சின்ன மகள் முகம்தான் வந்து வந்து நிற்கிறது. அம்மா போன பிறகு உன்னை என் மேல் படுக்க வைத்துத்தான் தூங்க வைப்பேன். நீ தூங்கிவிட்டாயா என்று மூச்சை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அப்படி வளர்த்தவள் நாளைக்கு ஒரு மேசைக்கு முன்னால் நின்று உன் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டும். 

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நெட்டை இன்று உங்கள் அலுவலகத்துக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். மாலைக்குள் உன் கையில் இருக்கும். இரவு வண்டி பிடித்தால் காலையில் இங்கே இருக்கலாம். பாதை சரியாகிவிட்டது. விசாரணை அதே பள்ளிக்கூட மண்டபத்தில்தான் நடக்கிறது.

வந்துவிடு. யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன். முன்பு பேசிய இடத்திலேயே நின்று, அக்கா முறையிடவில்லை, நான்தான் எடுத்தேன், நான்தான் அவள் பெயரைப் போட்டேன் என்று சொல். வேலை போனால் போகட்டும். பிள்ளைகளோடு இங்கே வா, நமக்குத் தெரியாத கஷ்டமா? ஆனால் அதை நீ சொல்ல வேண்டும். ஏற்கனவே ஒரு தடவை என் வாயிலிருந்து எடுத்து உன் காரியத்துக்கு வைத்துக்கொண்டாய். நாளைக்கு அதே வாயால் உன்னைக் கெடுக்க வைக்காதே.

நீ வராவிட்டாலும் நான் போவேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உனக்காக அழுவேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும். உன் மூச்சுக்கு ஒரு நாளும் குறை வரக்கூடாது. வண்டி ஏறிவிடு, கண்ணே.

உன்னை வளர்த்த,
அக்கா